புதிய போர்வீல் வாங்குமுன்: குதிரைத்திறன் இருக்கட்டும், எந்தப் பெயரில் எந்தப் பிரிவில் பதியப் போகிறீர்கள்?

புந்தோங் - ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்து, ஒன்பது ஆண்டுகள் வரை தவணை கட்டி வாங்கும் வாகனத்தை நம்மவர்களில் பலர் சாயத்தையும் டயரின் பருமனையும் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். கச்சாங் பூத்தே மூட்டைகளை இரவுச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவர், கல்யாண வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் நான்கைந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறவர், வார இறுதியில் குடும்பத்தோடு ஊர் சுற்ற நினைக்கிறவர் என எல்லாரும் ஒரே ஷோரூமில் ஒரே வாகனத்தின் முன்தான் நிற்கிறார்கள். ஆனால் இந்த நால்வருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

எந்த நிறுவனத்தின் வாகனம் உயர்ந்தது என்று இக்கட்டுரை தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. என்ன சுமை, எந்தச் சாலை, யார் பெயரில் பதிவு, எந்த வகைக் காப்புறுதி ஆகியவற்றை முடிவு செய்துகொண்டு ஷோரூமுக்குள் நுழைந்தால் விற்பனையாளரின் பேச்சில் பாதி தேவையற்றுப்போகும்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

பத்திரிகையில் "நான்கு சக்கர இயக்க வாகனம்" என்று எழுதுகிறோம். தெருவில் எல்லாருக்கும் அது "போர்வீல்". இதில் தமிழ்ச் சொல்லைப் பற்றிய கவலையைவிடப் பணத்தைப் பற்றிய கவலைதான் பெரிது. பின்தொட்டி வைத்த பிக்கப் எல்லாவற்றையும் நாம் போர்வீல் என்றே அழைக்கிறோம். ஆனால் அவற்றில் பல, பின் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் வாகனங்கள். பெயரைக் கேட்டு வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் மேட்டில் சக்கரம் சுழலும்போது உண்மை தெரிந்து பயனில்லை. விலைச்சீட்டில் எத்தனை சக்கரத்துக்கு இயக்கம், "ஃபோர் லோ" எனும் குறைவேகப் பல்லிணை இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் அளவு. அமெரிக்கக் காணொளிகளில் பார்க்கும் ஃபோர்டு எஃப்-150 போன்ற முழு அளவு பிக்கப்புகள் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமும், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டவை. பெரும்பாலும் அந்த நாட்டுக்கென இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்துச் செய்யப்படுகின்றன. தனியார் இறக்குமதியில் வரும் ஒன்றிரண்டைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள், உதிரிபாகம் எங்கிருந்து வரும், விபத்துக்குப் பிறகு முன்விளக்குக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று யோசிப்பது நல்லது. புந்தோங்கின் பழைய வீட்டுவரிசைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் அதைத் திருப்புவதே ஒரு வேலை.

நம் நாட்டு ஷோரூம்களில் "பெரிய போர்வீல்" என்று விற்கப்படுபவை ஒரு டன் வகுப்பைச் சேர்ந்தவை: தோயோத்தா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா, மாஸ்டா பிடி-50. அண்மைக் காலத்தில் சீனத் தயாரிப்புகளும் வந்திருக்கின்றன. இவை 5.2 முதல் 5.4 மீட்டர் நீளம் இருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டு முன்வாசலை அளந்து பாருங்கள். கேட் மூடாமல் வாகனத்தின் வால் தெருவில் நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள் நம் தாமான்களில் குறைவில்லை.

ஒரு டன் என்பது உண்மையில் எவ்வளவு?

"ஒரு டன் தூக்கும்" என்ற சொல்லை அப்படியே நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்கு எளிதானது. வாகனத்துக்கு இரண்டு எடைகள் உண்டு: வெறும் வாகனத்தின் எடை, சரக்கோடு சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. நான்கு கதவு பிக்கப் ஒன்றின் வெறும் எடை 2,000 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்தம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,000 கிலோ.

அந்த ஆயிரத்தில் மனிதர்களும் அடக்கம். ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்தால் 325 கிலோ போய்விடும். முன்னால் இரும்புக் கம்பி, பின்தொட்டிக்கு மூடி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு என்று நூறு கிலோ சேர்த்தால் மிஞ்சுவது 575. ஒரு செம்பனைக் குலை 20 கிலோ என்றால் 28 குலைகளோடு வாகனம் நிறைந்துவிட்டது. கண்ணுக்குப் பின்தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும். அதனால்தான் ஏற்றிக்கொண்டே போகிறோம்.

கூடுதல் சுமையால் அபராதம் மட்டும் வருவதில்லை. பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும், பின் டயர் சூடேறும். கூடுதல் பட்டைச் சுருள் போட்டால் தாங்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். சுருள் தாங்கும், பிரேக்கும் அச்சும் பழைய அளவுதான். சட்டப்படி அனுமதிக்கப்பட்ட எடையும் ஒரு கிலோகூட ஏறாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டக் காலத்துப் பழக்கமாக இன்றும் சில இடங்களில் வேலையாட்களையும் பிள்ளைகளையும் பின்தொட்டியில் ஏற்றிப் போவதைக் காண்கிறோம். அது சரக்குக்கான இடம். அங்கே இருக்கையும் இல்லை, வாரும் இல்லை. ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

இரண்டு கதவா, நான்கு கதவா?

இரண்டு கதவு வாகனத்தின் பின்தொட்டி ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம். நான்கு கதவில் அது ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கூடாரக் கம்பி, ஏணி, குழாய் ஏற்றுகிறவருக்கு இந்த எண்பது சென்டிமீட்டர்தான் முக்கியம். ஒன்றரை மீட்டர் தொட்டியில் நீளக் கம்பிகளை வைத்து, கதவைத் திறந்துபோட்டு, சிவப்புத் துணி கட்டிப் போகிற வாகனங்கள் எல்லாம் தவறான தேர்வின் அடையாளங்கள் என்றே எனக்குத் தோன்றும்.

குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஒரே வாகனம் என்றால் நான்கு கதவைத் தவிர வேறு வழியில்லை. அப்போது வீட்டுப் பெரியவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பின் இருக்கை நிமிர்ந்தே இருக்கும், படி உயரம். முழங்கால் வலியுள்ள பாட்டி ஏற முடியாத வாகனத்தில் குடும்பப் பயணம் எங்கே போவது? பின்பக்கம் பட்டைச் சுருள் உள்ள வாகனம் காலியாக ஓடும்போது குலுக்கும். நவாராவின் நான்கு கதவு வகையைப் போல் வளையச் சுருள் போட்டவை கொஞ்சம் மென்மை. சோதனை ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை மட்டும் போதாது. குழி விழுந்த உள்சாலையிலும் பின் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.

நகருக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவுச் சந்தை, மார்க்கெட், கடைக்கடையாக விநியோகம் என்றால் ஒரு டன் டீசல் பிக்கப்பே தேவையில்லை. டைஹாட்சு கிரான் மேக்ஸ் போன்ற ஒன்றரை லிட்டர் பெட்ரோல் சிறு லோரி விலையில் குறைவு, தொட்டி தாழ்வாகவும் தட்டையாகவும் இருப்பதால் மூட்டை ஏற்றி இறக்க இடுப்பு வலிக்காது. பார்க்கும் கௌரவம் குறைவு என்பதுதான் பலரின் தயக்கம்.

எஞ்சினும் டீசலும்

பழைய கணக்கில் போர்வீல் என்றால் டீசல் மலிவு. அந்தக் கணக்கு 2024 ஜூன் 10-ஆம் தேதி மாறியது. அன்று முதல் தீபகற்பத்தில் டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே தொடர்ந்தது. இங்கே சந்தை நிலவரத்தை ஒட்டி விலை மாறுகிறது.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைக்கிறது என்றால் ஏறத்தாழ 136 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 293 வெள்ளி, 3.35 விலையில் 457 வெள்ளி. வேறுபாடு 164 வெள்ளி. இதைச் சமாளிக்கத்தான் அரசாங்கம் புடி மடானி எனும் திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவியை அறிவித்தது. அறிமுகமானபோது விதித்த நிபந்தனைகளின்படி, வாகனம் தனிநபர் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும், சாலை வரி நடப்பில் இருக்க வேண்டும், கணவன் மனைவி சேர்ந்த ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டக் கூடாது. ஆடம்பர வாகனங்களுக்குக் கிடையாது. சிறு விவசாயிகளுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. வாங்கும் நாளில் விதிகளும் விலையும் என்ன என்பதைத் திட்டத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனப் பெயரில் பதிந்துவிட்டுத் தனிநபர் உதவியை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

எஞ்சின் அளவு சாலை வரியையும் தீர்மானிக்கிறது. தீபகற்பத்தில் தனியார் பதிவு பெற்ற பிக்கப்புக்கு, 1,898 சிசி உள்ள டி-மேக்ஸ் 1.9 என்றால் ஆண்டுக்கு 399 வெள்ளி 20 காசு. 1,996 சிசி உள்ள ரேஞ்சர் 2.0-க்கு 438 வெள்ளி 40 காசு. 2,393 சிசி உள்ள ஹைலக்ஸ் 2.4-க்கு 754 வெள்ளி 40 காசு. 2,755 சிசி உள்ள ஹைலக்ஸ் 2.8-க்கு 1,248 வெள்ளி. மூன்று லிட்டர் டி-மேக்ஸுக்கு 1,638 வெள்ளி 40 காசு. சரக்கு வாகனமாகப் பதிந்தால் சிசி கணக்கு போய் எடைக் கணக்கு வரும்.

பெரிய எஞ்சின் வேண்டாம் என்பதல்ல. முழுச் சுமையோடு கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவருக்கு இழுவிசை தேவை. 1.9 டி-மேக்ஸ் 350 நியூட்டன் மீட்டர், 3.0 எஞ்சின் 450. ஹைலக்ஸ் 2.4-க்கு 400. தட்டைச் சாலையில் ஓடுகிறவருக்கு இந்த வேறுபாடு நிரப்பு நிலையக் கணக்கில் மட்டுமே தெரியும்.

புகையைக் குறைக்கப் புதிய டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அது சூடாகித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மார்க்கெட் போய், வீடு திரும்பும் ஐந்து கிலோமீட்டர் வாழ்க்கையில் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுவது பட்டறைச் செலவைவிட மலிவு.

பதிவும் காப்புறுதியும்: பணம் பறிபோகும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனிநபர் பெயரில் தனியார் வாகனமாகப் பதிந்த பிக்கப்புக்குப் பெரும்பாலும் தனியார் காருக்குரிய காப்புறுதியே எடுக்கப்படுகிறது. அதன் சான்றிதழின் கடைசியில் பொடி எழுத்தில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். சொந்த, குடும்ப, பொழுதுபோக்குப் பயணங்களுக்கும் காப்புறுதி எடுத்தவர் தம் தொழில் நிமித்தம் போய்வருவதற்கும் அனுமதி உண்டு. வாடகைக்கு ஓட்டுவது கூடாது. வியாபாரம் தொடர்பாகச் சரக்கு ஏற்றுவதும், மாதிரிப் பொருள்களைத் தவிர, வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும்.

இதன் பொருள் என்ன? கடன் வாங்கி, முழுக் காப்புறுதியும் கட்டி, பத்து மூட்டை கடலையோடு இரவுச் சந்தைக்குப் போகும் வழியில் வாகனம் மோதி நொறுங்கினால், "இது உங்கள் சான்றிதழ் அனுமதிக்காத பயன்பாடு" என்று காப்புறுதி நிறுவனம் உங்கள் வாகனத்துக்கான இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. வாகனம் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் வங்கித் தவணை நிற்காது. கூடார வாடகைத் தொழிலில் இருப்பவருக்கும், அண்டை வீட்டாரின் செம்பனைக் குலைகளைக் காசுக்கு ஏற்றிப் போகிறவருக்கும் இதே கதி.

செய்ய வேண்டியது ஒன்றுதான். காப்புறுதி முகவரிடம் நீங்கள் உண்மையில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கேற்ற பாதுகாப்பு என்ன, சந்தா எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "எல்லாம் கவர் ஆகும்" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. வணிகப் பயன்பாட்டுக் காப்புறுதியின் சந்தா கூடுதலாக இருக்கலாம். என்சிடி கழிவும் வேறுபடும்: தனியார் காருக்கு ஐந்தாண்டுகளில் 55 விழுக்காடு வரை ஏறுவது, வணிக வாகனத்துக்கு 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். உங்கள் பழைய காரில் சேர்ந்த கழிவை அப்படியே புதிய சரக்கு வாகனத்துக்கு மாற்றலாம் என்று நினைத்து வரவு செலவு போடாதீர்கள்.

சரக்கு வாகனமாகப் பதிந்தால் கடமைகளும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை. சொந்தச் சரக்கு ஏற்ற "சி" பிரிவு, பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற "ஏ" பிரிவு என்று நடத்துநர் உரிமம் இருக்கிறது. உங்கள் வாகன எடைக்கும் வேலைக்கும் அது தேவையா என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, வெறும் எடை 3,500 கிலோவுக்கு மேற்போகாத மோட்டார் வாகனத்துக்குச் சாதாரண "டி" உரிமம் செல்லும். வணிகச் சரக்கு வாகனமாகிவிட்டால் ஜிடிஎல் எனப்படும் சரக்கு ஓட்டுநர் உரிமம் பற்றியும் கேளுங்கள்.

வணிகப் பதிவினால் நன்மையும் உண்டு. வருமான வரியில் மூலதனச் சலுகை கோரும்போது, வணிகச் சரக்குப் போக்குவரத்துக்கு உரிமம் பெற்ற வாகனத்துக்கு முழு விலையையும் கணக்கில் காட்டலாம். மற்ற வாகனத்துக்கு உச்ச வரம்பு இருக்கிறது: விலை 1,50,000 வெள்ளியைத் தாண்டாத புதிய வாகனம் என்றால் 1,00,000 வெள்ளி, இல்லாவிட்டால் 50,000 வெள்ளி. முறையாகக் கணக்கு எழுதி வரி கட்டும் வியாபாரிக்கு இது சிறிய தொகையல்ல.

வெள்ளம், மரம் விழுதல் போன்றவற்றுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்க வேண்டும். சாதாரண முழுக் காப்புறுதியில் அது சேராது. ஆற்றோரத் தாமான்களில் இருப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். போர்வீல் தண்ணீரில் இறங்கும் என்ற தைரியத்தில் பெருகும் வெள்ளத்துக்குள் ஓட்டுவதற்கும் எல்லை உண்டு. ரேஞ்சருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 800 மில்லிமீட்டர், அதுவும் மெதுவாக, ஓடாத நீரில்.

கடன்

1,00,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டு என்றால் மாதம் 1,917 வெள்ளி, மொத்த வட்டி 15,000. ஏழாண்டு என்றால் மாதம் 1,440 வெள்ளி, வட்டி 21,000. ஒன்பதாண்டு என்றால் மாதம் 1,176 வெள்ளி, வட்டி 27,000. விளம்பரத்தில் 3 விழுக்காடு என்பது சிறியதாகத் தெரிந்தாலும், கடன் குறையக் குறைய வட்டி குறையாத கணக்கு இது. ஒன்பதாண்டுக் கடனின் உண்மையான வட்டி 5.5 விழுக்காட்டை ஒட்டி வரும். "உண்மை வட்டி விகிதம் எவ்வளவு?" என்று வங்கி அதிகாரியிடமே கேளுங்கள், வங்கிகளை ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

தவணை நீண்டால் இன்னொரு கவலை. உழைக்கும் பிக்கப் ஒன்பது ஆண்டு இளமையாக இருக்காது. ஆறாம் ஏழாம் ஆண்டில் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் என்று செலவு வரிசையாக வரும்போது தவணையும் சேர்ந்து நிற்கும். என் கருத்தில், தொழிலுக்கு வாங்குகிறவர் ஏழாண்டைத் தாண்டக் கூடாது. அந்தத் தவணை கட்டுப்படியாகாவிட்டால் சிறிய எஞ்சினோ, இரண்டு சக்கர இயக்கமோ, நல்ல பழைய வாகனமோ பார்ப்பது மேல்.

1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் வாங்குகிறவருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் நீங்கள் கட்ட வேண்டும். அதை மறைக்க விலையை ஏற்றிக் காட்டும் "முன்பணமே வேண்டாம்" ஏற்பாடுகளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால்தான் வாகனத்தை எடுக்கும் நடவடிக்கை தொடங்க முடியும். அதற்கும் முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டிருந்தால் நீதிமன்ற உத்தரவில்லாமல் வாகனத்தை இழுத்துப் போக முடியாது. கடன் எடுத்தவர் இறந்துவிட்டால், தொடர்ந்து நான்கு தவணை தவறும்வரை குடும்பத்தாரிடமிருந்து எடுக்கக் கூடாது.

இங்கேயும் பதிவுப் பிரிவு குறுக்கே வருகிறது. சரக்கு வாகனங்களைப் பொறுத்தவரை, சுமையோடு மொத்த எடை 2,540 கிலோவுக்கு மேற்போகாதவற்றையே அந்தச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு டன் பிக்கப்பின் மொத்த எடை இதைத் தாண்டும். எனவே சரக்கு வாகனமாகப் பதிந்து கடன் வாங்குகிறவர், தம் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின்கீழ் வருகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் கேட்டாக வேண்டும். வராவிட்டால் 21 நாள், 75 விழுக்காடு போன்ற பாதுகாப்புகளை நம்ப முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களின் கடன் விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கு முக்கியக் காரணம் வருமானம் இல்லாதது அல்ல, வருமானத்துக்குத் தாள் இல்லாததுதான். இரவுச் சந்தைப் பணம் கையிலேயே புழங்கினால் வங்கிக்கு அது தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விற்பனைப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். வருமான வரிப் படிவத்தை அனுப்பியிருங்கள். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் கடந்த 12 மாதக் கட்டண ஒழுங்கு தெரியும். அதை நீங்களே முதலில் எடுத்துப் பார்க்கலாம். பிறருக்கு ஜாமீன் போட்டு மறந்துபோன கடன் அங்கே எட்டிப் பார்ப்பதும் உண்டு. அதேபோல, உங்கள் கடனுக்கு மச்சானையோ சித்தப்பாவையோ ஜாமீன்தாரராகக் கேட்கிறீர்கள் என்றால், நீங்கள் தவறினால் அவர் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டெக்குன் நேஷனலின் ஸ்பூமி போன்ற இந்திய தொழில்முனைவோர் கடனுதவி பெற எண்ணுகிறவர்கள், அதை வாகனம் வாங்கப் பயன்படுத்தலாமா என்று முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

ஷோரூமில்

ஒரே பெயருள்ள வாகனத்தில் ஆறேழு வகைகள் இருக்கும். பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்ற விளம்பரம் எந்த வகைக்குரியது என்று கேளுங்கள். மலிவான வகையில் காற்றுப்பைகள் எத்தனை, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உண்டா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பெரிய அலாய் சக்கரத்தைவிட அந்தக் கட்டுப்பாடு மழைச்சாலையில் உங்களைக் காப்பாற்றும்.

எஞ்சினின் டைமிங் பட்டை வார்ப்பட்டையா சங்கிலியா, எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வணிகப் பயன்பாட்டுக்கு அதே உத்தரவாதம் பொருந்துமா என்பவை கேட்க வேண்டியவை. ஈப்போவிலேயே பராமரிப்பு நிலையமும் உதிரிபாகக் கையிருப்பும் உள்ள வாகனமா என்பதும் முக்கியம். புதிய நிறுவனங்களின் விலை கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் வாகனம் ஒரு வாரம் நின்றால் ஒரு வார வருமானம் போகிறவர், பட்டறைக்காரர்கள் ஏற்கெனவே கைபழகிய வாகனத்தை வாங்குவதே பாதுகாப்பு. பழையதாக விற்கும்போதும் அதன் மதிப்பு நிற்கும்.

"இலவசம்" என்று தரப்படும் பின்தொட்டி மூடி, கறுப்புக் கண்ணாடித் தாள், உயர்த்திய சுருள் ஆகியவற்றுக்கு ஜேபிஜே விதிகள் இடம் தருகின்றனவா என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பதிலாக விலையில் கழிவு கேட்டால் பல இடங்களில் கொடுப்பார்கள். பதிவுக் கட்டணம் கட்டும்போது, கடன் கிடைக்காவிட்டால் அது முழுமையாகத் திரும்புமா என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாகனம் கைக்கு வரும் நாளில் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர், அடையாள அட்டை எண், பதிவுப் பிரிவு மூன்றையும் சரிபாருங்கள். இருட்டுவதற்குள், வெயிலில் வைத்துச் சாயத்தைப் பாருங்கள். அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றுவது நம் வழக்கம். காப்புறுதி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு ஷோரூம் வாசலைத் தாண்டுங்கள்.

கடைசித் தவணை கட்டி முடிக்கிற நாளுக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வங்கியிடமிருந்து கடன் தீர்ந்த கடிதம் வாங்கி, ஜேபிஜே பதிவில் உள்ள வங்கியின் உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது நீங்காத வரை வாகனத்தை விற்கவோ பிள்ளையின் பெயருக்கு மாற்றவோ முடியாது.